நன்னாரி சோடாவுக்குக் காற்று போன கதை

வாயுக்களைப் பற்றிப் பதினெட்டு ஆண்டுகளாகப் பாடம் நடத்தி வருகிறேன். வாயுக்கள் என்னைப் பற்றி என்ன நினைக்கின்றன என்பது எனக்குத் தெரிய வந்தது திண்டிவனத்தில், ஒரு கல்யாண மண்டபத்தின் சமையற்கட்டுக்குப் பக்கத்தில், வைகாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் காலை ஏழரை மணிக்கு. நல்ல அபிப்பிராயம் இல்லை.

விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் இயற்பியல் ஆசிரியர். இந்த ஒரு விவரத்தை மறைத்துவிட்டுக் கதையைச் சொல்ல முடிந்தால் எனக்கு எவ்வளவோ நல்லது. ஆனால் இதைக் கேட்கிற எல்லோரும் சரியாக அந்த இடத்தில்தான் சிரிக்கிறார்கள். அதனால் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு கெக். கெக் என்பது பத்தொன்பது லிட்டர் பிடிக்கிற எவர்சில்வர் உருளை. பார்க்கப் பால்காரர் கேனுக்குப் பணக்காரச் சித்தப்பா மாதிரி இருக்கும். வெளிநாட்டில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்கள், காய்ச்சியதை இதில் ஊற்றி மூடுவார்கள். மேலே இரண்டு குமிழ்கள் இருக்கும். ஒன்றில் சிலிண்டரிலிருந்து கரியமில வாயு உள்ளே போகும். மற்றதில் பானம் நுரைத்துக்கொண்டு வெளியே வரும். பெங்களூரில் என் கல்லூரித் தோழன் ஒருவன் இந்தப் பொழுதுபோக்கில் இறங்கி, மனைவியின் மூன்றாவது எச்சரிக்கைக்குப் பிறகு (முதல் இரண்டு வாய்மொழி, மூன்றாவதில் மாமனார் நேரில் வந்தாராம்) கெக், சிலிண்டர், குழாய், மீட்டர் அனைத்தையும் என் தலையில் கட்டினான்.

நம் பக்கத்தில் வீட்டில் பீர் காய்ச்சினால், நுரை அடங்குவதற்குள் காவல் நிலையத்திலிருந்து ஆள் வந்துவிடும். எனவே நான் நன்னாரிக்குப் போனேன். வேரைத் தட்டிக் கொதிக்க வைத்து, வெல்லம் கரைத்து, எலுமிச்சை பிழிந்து, வடிகட்டிக் குளிரவைத்து, கெக்கில் ஊற்றி வாயுவை ஏற்றினேன். மூன்றாம் நாள் குழாயைத் திறந்தால், சுர்ர்ரென்று நன்னாரி சோடா! என் மனைவி சுமதி ஒரு குவளை குடித்துவிட்டு, "பரவால்லியே" என்றாள். இருபத்திரண்டு வருடத்தில் அவளிடம் நான் வாங்கிய இரண்டாவது நற்சான்று அது. (முதலாவது, தேங்காய் துருவியதற்கு.)

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். மச்சானுக்கு ஒரு குவளை கொடுத்தேன்.

மச்சான் என்றால் சுமதியின் அண்ணன் ஏழுமலை. திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மண்டி வைத்திருப்பவர். அவருடைய மகள் பவித்ராவுக்கு அந்த மாதம்தான் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீடு செய்யாறு. எண்பது பேர், நான்கு வேன். ஏழுமலை வீட்டில் நடக்கிற முதல் சுபகாரியம் என்பதால் மனிதர் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

"வந்து எறங்கனதும் அவங்க கையில ஜில்லுனு ஒண்ணு குடுத்துடணும் மாப்ளே," என்றார். "எங்க பங்காளி வீட்டு நிச்சயத்துல தண்ணி குடுக்கக் கால் மணி நேரம் லேட்டாச்சு. அத இன்னி வரைக்கும் சொல்லிக் காட்டிக்கினு இருக்காங்க. நம்ம சம்பந்தி வேற கறாரான ஆளு. ஒரு கொற கண்டாருன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிப்புடுவாரு."

"இன்னா குடுக்கறதா இருக்கீங்க?"

"ரோஸ்மில்க் சொல்லிட்டேன்."

ரோஸ்மில்க்! நான் சிரித்த சிரிப்பு எனக்கே இன்னும் காதில் கேட்கிறது. "கேன்சல் பண்ணுங்க மச்சான். எண்பது பேருக்கும் நன்னாரி சோடா. நம்ம வீட்டுத் தயாரிப்பு. என் பொறுப்பு."

ஏழுமலை என்னைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். சுமதி கூரையைப் பார்த்தாள். அவர் ரோஸ்மில்க்கை ரத்து செய்தார். படித்த மாப்பிள்ளையின் மேல் மனிதர்கள் வைக்கும் நம்பிக்கையை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

ஞாயிறு அதிகாலை, விழுப்புரத்திலிருந்து கெக்கைப் பனிக்கட்டித் தொட்டியில் உட்கார வைத்து, வாடகை வண்டியில் ஏற்றி, மண்டபத்தில் இறக்கினேன். எட்டரைக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகை. பத்தரைக்குள் தட்டு மாற்றியாக வேண்டும். நல்ல நேரம் அவ்வளவுதான்.

சிலிண்டரை மாட்டப் போனபோது சுமதி ஒரு கிண்ணத்தோடு வந்தாள். "சுபகாரியத்துக்கு முதமுதலா எடுத்தாந்திருக்கோம். சந்தனம் குங்குமம் வெச்சிட்டு அப்புறம் உங்க வித்தைய ஆரம்பிங்க."

புது ஸ்கூட்டருக்கு வைக்கிறோம், மாவு அரைக்கிற இயந்திரத்துக்கு வைக்கிறோம். இதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அவள் கெக்கின் வயிற்றில் ஒரு பொட்டு வைத்தால் போதும் என்றுதான் சொன்னாள். ஆனால் எனக்குள் இருந்த கலைஞன் விழித்துக்கொண்டான். மேலே இருந்த இரண்டு குமிழ்களும் எனக்கு இரண்டு திருமுகங்களாகத் தெரிந்தன. தலைக்கு ஒன்றாகக் கெட்டியாகச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, ஓர் அடி பின்னால் நகர்ந்து ரசித்தேன். பிறகு வாயுக்குழாயின் முனையை அந்தச் சந்தனத்தின் மேலேயே அழுத்தி மாட்டினேன். 'டக்' என்றது. சிலிண்டரைத் திறந்தேன்.

ஸ்ஸ்ஸ்ஸ்.

மெல்லிய ஓசை. வகுப்பில் கடைசி பெஞ்சிலிருந்து வருவது போன்றது. யார் என்று தெரியாது, ஆனால் நம்மைக் குறித்துத்தான் என்று தெரியும்.

வாயு கசிகிறது. என்னிடம் இருந்தது ஒரே சிலிண்டர். மாற்று வாங்க வேண்டுமென்றால் வளவனூரில் எனக்குத் தெரிந்த சோடாக் கம்பெனிக்குத்தான் போக வேண்டும். அது ஞாயிற்றுக்கிழமை திறக்காது. சிலிண்டர் காலியானால் எண்பது பேருக்கும் வெறும் வெல்லத் தண்ணீர்.

எங்கிருந்து கசிகிறது என்று காதை வைத்துக் கேட்டேன். காதில் விழுந்தது நாதஸ்வரம். மேடையில் மேளக்காரர்கள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓடிப்போய்த் தவில்காரர் கையைப் பிடித்தேன்.

"அண்ணே, ரெண்டே நிமிஷம் நிறுத்துங்க. கேஸ் லீக் ஆவுது. எங்கன்னு கேக்கணும்."

மேளம் நின்றது. மேளம் மட்டும் நின்றிருந்தால் பரவாயில்லை. சமையல் மாஸ்டர் ஆறு அடுப்பையும் அணைத்தார். பந்தியில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்வீட்டார் இலையோடு வாசலுக்கு ஓடினார்கள். மாடியிலிருந்து பவித்ரா ஒரு கண்ணுக்கு மட்டும் மை தீட்டிய நிலையில் எட்டிப் பார்த்து, "மாமா, இன்னா ஆச்சு?" என்று கத்தினாள்.

"எவன்யா மேளத்த நிறுத்துனது?" என்றபடி ஏழுமலை வந்தார். "சுப காரியத்துல மேளம் பாதியில நிக்கலாமா?"

"சமையல் கேஸ் இல்ல மச்சான். சோடா கேஸ்."

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, ரோஸ்மில்க் கடைக்குப் போன் போட்டார். அவர்கள் பாலை வேறொரு கல்யாணத்துக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

இனி முறைப்படி இறங்குவது என்று முடிவு செய்தேன். தாடி வைத்த வெள்ளைக்காரர்கள் ஏறக்குறைய நாற்பது பேரின் காணொளிகளைப் பார்த்துக் கற்ற கல்வி வீண் போகலாமா? கசிவைக் கண்டுபிடிக்க சோப்புத் தண்ணீர் பூச வேண்டும். குமிழி எங்கே கிளம்புகிறதோ அங்கே ஓட்டை. ஒரு வாளி கரைத்தேன். ஆனால் நான் பாதுகாப்பு உணர்வு மிக்கவன். பரிசோதனைக்கு முன் வாயு இணைப்பைத் துண்டிக்க வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன். ஆகவே வாயுக்குழாயைக் கழற்றி வைத்துவிட்டுப் பூசினேன்.

ஒரு குமிழிகூட வரவில்லை.

"கசிவு நின்னுடுச்சு!" என்று அறிவித்தேன். குழாயை மாட்டினேன். ஸ்ஸ்ஸ்ஸ். கழற்றினேன், பூசினேன். அமைதி. மாட்டினேன். ஸ்ஸ்ஸ்ஸ். நான்கு முறை இப்படி. நான் கழற்றுகிறபோது குமிழுக்குள் இருக்கும் சின்ன ஸ்பிரிங் தானாக மூடிக்கொள்கிறது என்பதும், அதனால் கசியாது என்பதும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றியது வேறு: கெக்கின் பெரிய மூடிதான் குற்றவாளி.

சமையல் மாஸ்டர் மனமிரங்கி ஓர் உருண்டை மைதா மாவோடு வந்தார். "பிரியாணிக்கு தம் போடறாப்ல சுத்தி ஒட்டுங்க சார். காத்து இம்மியும் போவாது."

ஒட்டினேன். ஐந்து நிமிடத்தில் என் எவர்சில்வர் கெக் பிரியாணி அண்டாவாக மாறிவிட்டது. ஸ்ஸ்ஸ் மட்டும் மாறவில்லை. மீட்டரைப் பார்த்தேன். சிலிண்டரில் திரவமாக இருக்கும் வாயு தீருகிற வரைக்கும் முள் அசையாமல் நிற்கும். தீர்ந்த பிறகு மடமடவென்று இறங்கும். இதுவும் எனக்குத் தெரிந்த பாடம்தான். முள் இறங்க ஆரம்பித்திருந்தது. சிலிண்டரை இறுக மூடினேன். மணி எட்டே கால்.

"இன்னாங்க," என்றாள் சுமதி. "எதிர்ல ஒரு பஞ்சர் கடை இருக்குது. காத்துக்கு ஓட்ட கண்டுபுடிக்கறது அவங்க வேலதான?"

பட்டதாரி ஆசிரியன் பஞ்சர் கடையில் போய் நிற்பதா என்று ஒரு கணம் தயங்கினேன். மறுகணம் சாலையைக் கடந்துகொண்டிருந்தேன். தள்ளுவண்டியில் மைதா அப்பிய கெக், கையில் சிலிண்டர்.

கடைக்காரர் யாசின் பாய்க்கு ஐம்பது வயது இருக்கும். லாரி டயர் ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். நான் மூச்சு வாங்கச் சொன்னதை முழுதும் கேட்டார்.

"கேஸ் பைப்ப கழட்டிட்டா சோப்புத் தண்ணி போட்டீங்க?"

"ஆமா பாய். சேஃப்டிக்கு."

"டியூப்ல காத்து அடிக்காமயே பஞ்சர் பாப்பீங்களா சார்?"

பாய் பைப்பை மாட்டச் சொல்லி, பஞ்சர் பார்க்கிற கறுப்புத் தண்ணீர்த் தொட்டியைக் காட்டினார். "ஜல்தி. உள்ள எறக்குங்க."

"குடிக்கற பொருள் பாய்..."

"காத்து உள்ளேர்ந்து வெளிய வருது சார். தண்ணி எப்பிடி உள்ள போவும்? கழுவிக்கலாம், எறக்குங்க."

இறக்கினோம். கெக் மிதந்து மிதந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் ஒரு கையால் அமுக்கிக்கொண்டு, கன்னத்தைத் தண்ணீரில் வைத்துக் குமிழி தேடிக்கொண்டிருந்தேன். பின்னால் ஏதோ வேன் வந்து நின்றது. டயருக்குக் காற்று என்று யாரோ கேட்டார்கள். எனக்கு அதெல்லாம் எங்கே காதில் விழுந்தது?

"இன்னாங்க அது, சப்மெர்சிபிள் மோட்டரா?" தலைக்கு மேல் ஒரு குரல். பட்டுக்கரை வேட்டி மட்டும் கண்ணில் பட்டது.

"சோடா கெக்குங்க. லீக்கு."

"எங்க லீக்கு?"

"அதத்தான் தேடிக்கினு இருக்கேன். சும்மா நிக்கறதுக்கு அந்தப் பக்கம் செத்த அமுக்கிப் புடிங்களேன்."

அந்த மனிதருக்கு அறுபது வயது இருக்கலாம். கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார், வேட்டியை மடித்துக் கட்டினார், இரண்டு கையையும் முழங்கை வரை கறுப்புத் தண்ணீரில் விட்டார். வேனைப் பார்த்து, "காத்து அடிச்சதும் நீங்க போங்க, நான் பின்னாலயே நடந்து வர்றேன்," என்றார். பிறகு என்னிடம், "முப்பது வருஷமா பம்புசெட் ரிப்பேர் பாக்கறேன். தண்ணி லீக்கு பாத்திருக்கேன், ஆயில் லீக்கு பாத்திருக்கேன். சோடா லீக்கு இதான் மொதோ வாட்டி," என்றார். குரலில் அப்படி ஓர் உற்சாகம். தேரோட்டம் பார்க்க வந்தவர் மாதிரி.

பாய் சிலிண்டரை ஒரு நூலளவு திறந்தார். மூன்று தலைகள் தொட்டிக்கு மேல் குனிந்தன.

"மூடியில இல்ல."

"அடியில இல்ல."

"அதோ! அதோ வருது பாரு!" என்று பம்புசெட்காரர் அலறினார். "பைப்பு சொருகற எடத்துல! வருது, வருது!"

சரம் சரமாக, முத்து முத்தாகக் குமிழிகள். நானும் "வருது! வருது!" என்று கத்தினேன். பாயும் கத்தினார். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்றுகூட நான் அப்படிக் கத்தியதில்லை.

கெக்கை வெளியே எடுத்து, பாய் வாயுக்குழாயைக் கழற்றி, குமிழை விரலால் தடவி, முகர்ந்து பார்த்தார்.

"சார், இது இன்னாது?"

"சந்தனம்."

"கேஸ் போற வழியிலயா?"

"குங்குமமும் இருக்கும் பாய்."

குமிழைச் சுற்றியிருந்த மெல்லிய ரப்பர் வளையம், கெட்டிச் சந்தனத்திலிருந்த பொடிமணல் அறுத்ததில் இரண்டு இடத்தில் வெட்டுப்பட்டிருந்தது. பாய் அதை ஊசியால் நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "நீங்க இன்னா வேல பாக்கறீங்க சார்?"

"பிசிக்ஸ் வாத்தியார்."

பாய் பம்புசெட்காரரைப் பார்த்தார். பம்புசெட்காரர் பாயைப் பார்த்தார்.

"வெளிய சொல்லிக்காதீங்க சார்," என்றார் பாய், உண்மையான பரிவோடு.

டப்பாவில் தேடி, பைக்குக்குப் போடுகிற புது வாஷர் ஒன்றை எடுத்து, வெந்நீரில் கழுவி மாட்டினார். அச்சாகப் பொருந்தியது. மைதாவையும் சந்தனத்தையும் துடைத்து, குழாயை மாட்டி, சிலிண்டரைத் திறந்தோம். அமைதி. நான் வாழ்க்கையில் கேட்ட மிக இனிமையான சத்தம் அந்தச் சத்தமின்மைதான்.

ஆனால் கசிந்ததில் கெக்கின் சுர்ரும் குறைந்திருந்தது. மிச்சமிருந்த வாயுவை அவசரமாகக் கரைக்க ஒரே வழி, கெக்கைக் குலுக்குவது. பம்புசெட்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து கெக்கை மடியில் கிடத்தி, பிள்ளையை ஆட்டுவதுபோல் ஆட்ட ஆரம்பித்தார்.

"இன்னா விசேஷத்துக்குங்க இது?"

"எதிர் மண்டபத்துல நிச்சயம். மாப்ள வீட்டுக்காரங்க வந்து எறங்கனதும் குடுக்கறதுக்கு. நான் பொண்ணுக்கு மாமா."

"பொண்ணு பாக்க வந்தப்ப உங்களக் காணோமே?" என்றார் அவர். (இந்த இடத்தில் எந்த மனிதனும் விழித்துக்கொண்டிருப்பான். நான் வாயுவையே நினைத்துக்கொண்டிருந்தேன்.)

"பரீட்சை டூட்டிங்க, வர முடியல. எங்க மச்சான் ஒரு வாரமா சோறு திங்கல. சம்பந்தி ரொம்பக் கறாராம். ஒரு கொற இருந்தாலும் மூஞ்சிக்கு நேரா சொல்லிப்புடுவாராம்."

"ஓஹோ. அப்பிடியா சொன்னாரு?" கெக் இன்னும் வேகமாக ஆடியது.

அப்போது சாலையின் எதிர்ப்புறத்திலிருந்து ஏழுமலை ஓடி வந்தார். மாப்பிள்ளை வீட்டு வேன் நான்கும் வந்துவிட்டன. ஆரத்தித் தட்டோடு பெண்கள் வாசலில் நிற்கிறார்கள். எல்லோரும் இறங்கிவிட்டார்கள், மாப்பிள்ளையின் அப்பாவை மட்டும் காணவில்லை.

"மாப்ளே, சம்பந்தியப் பாத்தி..." என்றவர் நின்றார். வாய் திறந்தபடியே இருந்தது. "சம்பந்தி!"

நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். பின்னால் டயர்தான் இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த நேரத்தில் யாராவது என்னைப் பிடித்துத் தொட்டிக்குள் அமுக்கியிருந்தால் ஒரு குமிழிகூட மேலே வந்திருக்காது.

சம்பந்தி தணிகாசலம் எழுந்தார். பட்டுக்கரை வேட்டியில் கறுப்புத் திட்டுகள். முழங்கை வரை மை. "இன்னா சம்பந்தி," என்றார் நிதானமாக, "எனக்குக் குடுக்கப் போற சோடாவ பஞ்சர் தொட்டியில முக்கி எடுக்கறீங்க?"

ஏழுமலை என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுதுவதாக இல்லை. பவித்ராவின் வாழ்க்கை, பங்காளிகளின் பேச்சு, ரத்தான ரோஸ்மில்க் எல்லாம் அதில் இருந்தன.

"கொற இருந்தா நான் மூஞ்சிக்கு நேரா சொல்லிப்புடுவேன்னு சொன்னீங்களாமே," என்று தொடர்ந்தார் சம்பந்தி. "சொல்றேன். வாஷர் போயிடுச்சு. மாத்தியாச்சு. ஒரு கை புடிங்க, தூக்குவோம்."

இரண்டு சம்பந்திகளும் ஆளுக்கொரு பிடியாகக் கெக்கைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்தார்கள். சிலிண்டரை மார்போடு அணைத்தபடி பின்னால் நான். வாசலில் ஆரத்தி எடுத்தவர்களுக்கு எதைச் சுற்றுவது, எதை விடுவது என்று தெரியவில்லை. மூன்றையும் சேர்த்துச் சுற்றினார்கள்.

முதல் குவளை சம்பந்திக்கு. நுரை பொங்கியது. ஒரே மூச்சில் குடித்து, கண்ணை மூடி, "சுர்ருங்குது!" என்றார். மண்டபமே கைதட்டியது. முப்பதாவது குவளையோடு வாயு தீர்ந்தது. மூடியைத் திறந்து மீதியைக் கரண்டியால் மொண்டு ஐஸ் போட்டுக் கொடுத்தார் மாஸ்டர். அந்த ஐம்பது பேரில் ஒருவர்கூட வித்தியாசம் கேட்கவில்லை. "சர்பத் அருமை" என்று இரண்டாவது குவளை கேட்டவர்களும் உண்டு. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத புண்.

பத்தரைக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தட்டு மாற்றினார்கள். லக்னப் பத்திரிகையில் இருவீட்டாரும் கையெழுத்திட்டார்கள். சம்பந்தி சோப்புப் போட்டு மூன்று முறை கை கழுவியிருந்தார். ஆனாலும் பஞ்சர்த் தொட்டியின் மை அவ்வளவு சுலபமாக விடுமா? காகிதத்தை அழுத்திப் பிடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு விரலை எடுத்தால், பெயருக்குப் பக்கத்திலேயே கறுப்பாக, ரேகை ரேகையாக, அவருடைய இடது கைப் பெருவிரல். புரோகிதர் வேறு தாள் எழுதட்டுமா என்று கேட்டார். "நேரம் போயிடும், இருக்கட்டும் சாமி," என்றார் சம்பந்தி.

ஏழுமலை அந்தத் தாளுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மண்டியில் மாட்டியிருக்கிறார். பவித்ராவுக்கும் மாப்பிள்ளைக்கும் எப்போதாவது சண்டை வந்து, அவள் பெட்டியோடு திண்டிவனம் வந்தால், ஏழுமலை சமாதானம் எதுவும் பேசுவதில்லை. சட்டத்தைக் கழற்றி அவள் மடியில் வைக்கிறார். "கையெழுத்தும் போட்டு, கைநாட்டும் வெச்சிட்டுப் போன சம்பந்தம்மா இது. இந்தத் தமிழ்நாட்டுல எந்தக் கோர்ட்டுலயும் நிக்கும். மரியாதையா வண்டி ஏறு."

அவள் சிரித்துவிடுவாள். சிரித்தபடியே எனக்குப் போன் போட்டுத் திட்டுவாள்.